முப்பது தடவை இழுத்தும் ஸ்டார்ட் ஆகலையா? முதலில் டேங்கைத் திறந்து பாருங்கள்!

பிரஷ் கட்டர், பவர் வீடர், பவர் ஸ்பிரேயர்... சின்ன இன்ஜின்களின் ஸ்டார்ட்டிங் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழிகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடி மழை விழுந்ததும் இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று உரக்கடை. இன்னொன்று சின்ன இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை. தை, மாசியில் மோட்டார் ரூம் மூலையில் சாத்தி வைத்த பிரஷ் கட்டரையும் பவர் வீடரையும் டி.வி.எஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். 'போன வருஷம் நல்லாத்தானுங்க ஓடுச்சு. இப்ப முப்பது தடவை இழுத்தும் உயிரே வரலீங்க.'

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. லாரிக்கு பாடி கட்ட வெளிமாநிலத்துக்காரர்கள் நாமக்கல்லைத் தேடி வருகிறார்கள். பெரிய இன்ஜினுக்கு இங்கே கைதேர்ந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், தோளில் மாட்டும் சின்ன இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் பட்டறை ஊருக்கு ஊர் இல்லை. இருக்கிற பட்டறையிலும் சீசன் நேரத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் நாளில் களை காத்திருக்காது. ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து மரவள்ளிக்கு நட்ட முதல் மூன்று மாதம்தான் களைக்கு அஞ்ச வேண்டிய காலம். இலை விரிந்து நிலத்தை மூடிவிட்டால், பிறகு களை தானாக அடங்கும். நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்கும் அதேபோலத்தான். அந்த நேரத்தில் ஆளும் கிடைக்காமல், மெஷினும் ஓடாமல் ஒரு வாரம் போனால், அந்த இழப்பைக் கிழங்கு எடுக்கும்போதுதான் உணர்வோம்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சின்ன இன்ஜின்கள் ஓடிக் கெடுவதைவிட, சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். நின்றதால் வந்த கோளாறை, பெரும்பாலும் ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு லிட்டர் புது பெட்ரோலும் இருந்தால் நாமே சரிசெய்துவிடலாம்.

இன்ஜினுக்கு வேண்டியது நான்கு

எந்த பெட்ரோல் இன்ஜினாக இருந்தாலும் ஸ்டார்ட் ஆக நான்கு விஷயங்கள் வேண்டும். நல்ல பெட்ரோல், போதுமான காற்று, பிளக்கில் தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்). நான்கில் ஒன்று குறைந்தாலும் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பலனில்லை. எது குறைகிறது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. அந்த வரிசை தெரிந்தால் நமக்கும் அது கைவரும்.

பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுவது, கண்ட திருகையெல்லாம் திருகுவது, கடைசியில் புது கார்புரேட்டர் வாங்கி மாட்டுவது. அதன் பிறகும் ஸ்டார்ட் ஆகாது. காரணம், டேங்கில் இருப்பது ஆறு மாதத்துப் பழைய பெட்ரோல்!

பெட்ரோலும் கெட்டுப்போகும்

பெட்ரோலில் சீக்கிரம் தீப்பிடிக்கும் லேசான பகுதியும் உண்டு, கனமான பகுதியும் உண்டு. குளிர்ந்த இன்ஜினை முதலில் உயிர்ப்பிப்பது லேசான பகுதிதான். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் டேங்க் கிடந்தால், முதலில் ஆவியாகிப் போவதும் அதுதான். மிஞ்சும் பெட்ரோல் பார்க்க பெட்ரோல் போலவே இருக்கும். ஆனால், சுலபமாகத் தீப்பிடிக்காது. கார்புரேட்டருக்குள் தேங்கிய பெட்ரோலோ, காய்ந்து பிசின் போல ஒட்டிக்கொள்ளும். ஊசி நுழையும் அளவுள்ள ஜெட் துவாரம் அடைபட அதுவே போதும்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. அது எத்தனால். கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்தும் மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்தும் எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கிறார்கள். நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பு 2022-ம் ஆண்டு ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த 'இ-20' பெட்ரோல் 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பங்குகளில் கிடைப்பது அதுதான். கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கிற நமக்கு இதில் லாபமும் உண்டு. ஆனால், சின்ன இன்ஜின் வைத்திருப்பவர்கள் எத்தனாலின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் டியூப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? 2 ஸ்ட்ரோக் இன்ஜினில் இது இரட்டை ஆபத்து. நாம் கலந்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ள தண்ணீர்க் கலவையில் ஆயில் இருக்காது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. தப்பித் தவறி ஸ்டார்ட் ஆனாலும் ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பழைய மாடல்களின் ரப்பர் டியூப், பிரைமர் குமிழ், கார்புரேட்டருக்குள் உள்ள டயஃப்ரம் ஆகியவையும் எத்தனாலில் ஊறி விறைத்துப் போகலாம். பல சின்ன இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மட்டுமே அனுமதி என்று அச்சிட்டிருப்பார்கள். புது மெஷின் வாங்கும்போது 'இது இ-20 பெட்ரோலுக்கு ஏற்றதா?' என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. டேங்கில் உள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தாலோ, நிறம் கறுத்து வார்னிஷ் வாடை அடித்தாலோ அந்தப் பெட்ரோல் வேண்டாம். அதை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டவும் வேண்டாம். கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது.

பதினைந்து நிமிடப் பரிசோதனை

நிழலான, காற்றோட்டமான இடத்தில் மெஷினைச் சமதளத்தில் வையுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றவும் கூடாது.

1. சுவிட்ச், காக், ஆயில்: ஆன்/ஆஃப் சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பட்டறைக்கு வரும் மெஷின்களில் இப்படியும் சில உண்டு. 4 ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள்.

2. புது பெட்ரோல்: ஒரு மாதத்துக்கு மேல் நின்ற பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் போன்ற பகுதியும் அதில் வடிகால் திருகும் இருந்தால், அதையும் திறந்து வடியுங்கள். 2 ஸ்ட்ரோக் என்றால் ஆயில் விகிதம் முக்கியம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி, 40:1 என்றால் 25 மி.லி, 25:1 என்றால் 40 மி.லி. உங்கள் மெஷினுக்கு எது என்பது டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். 'கண் அளவு' வேண்டாம். மருந்து அளக்கும் குவளையை இதற்கெனத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. சோக்: குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக்கை மூடுங்கள். பிரைமர் குமிழ் இருந்தால், டியூபில் பெட்ரோல் ஓடுவது தெரியும்வரை அழுத்துங்கள். பிறகு இழுங்கள். இன்ஜின் ஒருமுறை இருமினால் உடனே சோக்கைத் திறந்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். சோக்கை மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் அதிகமாகி, பிளக் நனைந்துவிடும். ஓடி நிறுத்திய சூடான இன்ஜினுக்குச் சோக் தேவையில்லை.

4. பிளக்: ஐந்தாறு தடவை இழுத்தும் வரவில்லையென்றால் இழுப்பதை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு தடவை இழுத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். பிளக் முற்றிலும் உலர்ந்திருந்தால், பெட்ரோலே சிலிண்டருக்கு வரவில்லை. டேங்குக்குள் உள்ள ஃபில்டர், டியூப் விரிசல், கார்புரேட்டர் ஜெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கரி படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். முனை இடைவெளி பெரும்பாலான சின்ன இன்ஜின்களில் 0.6 முதல் 0.8 மி.மீ வரை இருக்கும்.

5. தீப்பொறி: தேங்கிய பெட்ரோலை வெளியேற்றியிருந்தால் கொஞ்ச நேரம் ஆவி அடங்க விடுங்கள். கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதியைப் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி இன்ஜின் உலோகத்தில் தொடும்படி வைத்து, சுவிட்சை ஆன் செய்து இழுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் சரி. வரவில்லையென்றால் முதலில் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சுவிட்ச் ஒயரைக் கவனியுங்கள். மோட்டார் ரூம் எலி கடித்த ஒயர் இன்ஜின் உடலில் பட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் எப்போதும் 'ஆஃப்'பில் இருப்பது போலத்தான். அதுவும் சரியாக இருந்தால், காயிலை மெக்கானிக் பார்க்கட்டும்.

6. காற்றும் புகையும்: ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் தட்டி எடுங்கள். ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். சைலன்சர் வாயையும் பாருங்கள். நான்கு மாதம் சும்மா கிடந்த சைலன்சரில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். 2 ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வலை கரியால் அடைபடுவதும் உண்டு. புகை வெளியேற வழியில்லையென்றால் புதுக் காற்று உள்ளே வராது.

7. அழுத்தம்: கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓர் இடத்தில் கையை எதிர்த்து நின்று, பிறகு விட வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் முதலில் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம். இங்கேதான் உண்மையாகப் பட்டறை தேவைப்படுகிறது.

கயிறும் ஸ்டார்ட்டரும்

ஒருகாலத்தில் கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அழுத்தம் விடும் லீவரைத் தூக்கி, கைப்பிடியைச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விட்டால்தான் டீசல் இன்ஜின் பிடிக்கும். பலத்தைவிட நேரம் பார்ப்பதுதான் அதில் முக்கியம். கயிறு ஸ்டார்ட்டரும் அப்படித்தான். முதலில் மெதுவாக இழுத்து, தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, கயிற்றை உள்ளே விட்டு, பிறகு ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்து முனையில் வெடுக்கென்று நிறுத்தினால் ஸ்பிரிங் முறியும். இழுத்த கயிற்றைக் கைவிட்டுப் பட்டென்று திரும்ப விடவும் கூடாது.

கயிறு வருகிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டருக்குள் உள்ள சிறு நாக்குகள் தேய்ந்தோ, அழுக்கில் ஒட்டியோ இருக்கும். கயிறு திரும்ப உள்ளே போகவில்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது முறிந்திருக்கும். ஸ்டார்ட்டர் மூடியை மூன்று நான்கு திருகுகளில் கழற்றிவிடலாம். ஆனால், உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைப் பிரிக்க வேண்டாம்.

நிறுத்தி வைக்கும் முன்

ஆடியில் வரும் தொல்லைக்கு வைத்தியம் தையில் செய்ய வேண்டும். சீசன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் மெஷினை எடுக்கப்போவதில்லை என்றால், டேங்கை முழுதாக வடியுங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி அரை ஸ்பூன் ஆயில் விட்டு, சுவிட்ச் ஆஃபில் இரண்டு தடவை கயிற்றை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். சைலன்சர் வாயைத் துணியால் கட்டிவிட்டால் குளவி நுழையாது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்! மெஷினை உரமூட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள். உரத்தின் ஈரமும் உப்பும் உலோகத்தை அரிக்கும்.

மொத்தத்தில் கால் மணி நேர வேலை. மானியத்தில் வாங்கிய மெஷின் என்றாலும் அதில் நம் பணமும் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என, குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் மானியம் கிடைக்கிறது. கருவியைத் தேர்வு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காமல், உதிரி பாகமும் சர்வீஸும் உங்கள் தாலுகாவுக்குள் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

வாசகர் கேள்விகள்

'பவர் வீடர் வீட்டு வாசலில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. காட்டில் சரிவான இடத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. என்ன காரணம்?' - ராசிபுரம் வாசகர்

ஆயில் குறைந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் சென்சார் பல 4 ஸ்ட்ரோக் இன்ஜின்களில் உண்டு. ஆயில் கொஞ்சம் குறைவாக இருந்தால் சமதளத்தில் சமாளிக்கும். சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் சென்சார் தீப்பொறியைத் துண்டித்துவிடும். சமதளத்தில் வைத்து, குறித்த அளவுவரை ஆயில் ஊற்றுங்கள். சென்சார் ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். இன்ஜினைக் காப்பாற்றுவதே அதுதான்.

'பாக்குத் தோப்பில் புல் வெட்டும்போது பிரஷ் கட்டர் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி அதேபோல் நிற்கிறது.' - வாழப்பாடி வாசகர்

டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துவாரம் இருக்கும். அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காது. அடுத்த முறை நிற்கும்போது இன்ஜினைக் கொஞ்சம் ஆறவிட்டு, மூடியை லேசாகத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு மூடியில்தான். சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். மூடியைத் தளர்த்தியபடியே வேலை செய்யக் கூடாது. மூடி சரியாக இருந்தும் நின்றால், நின்ற உடனே தீப்பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பழுதாகும் காயில், ஆறியதும் வேலை செய்யும்.

'4 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரைப் படுக்க வைத்து வண்டியில் கொண்டு போனோம். தோட்டத்தில் இறக்கியபோது கயிறு அசையவே இல்லை. இன்ஜின் பிடித்துவிட்டதா?' - பரமத்தி வேலூர் வாசகர்

பயப்பட வேண்டாம். படுக்க வைத்ததில் ஆயில் சிலிண்டருக்குள் ஏறியிருக்கும். பலவந்தமாக இழுக்காதீர்கள். சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, துணியால் ஓட்டையை லேசாக மூடி, மெதுவாக இழுங்கள். ஆயில் வெளியேறியதும் கயிறு இளகும். பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆயில் அளவைச் சரிபார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு அடங்கும். பிளக் இல்லாமலும் கயிறு அசையவில்லையென்றால் மட்டும் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

'செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பவர் டில்லர். சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது.' - திருச்செங்கோடு வாசகர்

சத்தம் வருவதால் சாவியிலிருந்து மின்சாரம் போகிறது. ஸ்டார்ட்டரைச் சுற்றும் அளவுக்குப் பலம் இல்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், ஒயரைக் கழற்றி, சுத்தம் செய்து, இறுக்குங்கள். இன்ஜின் உடலோடு சேரும் எர்த் ஒயரையும் மறக்காதீர்கள். முழுச் சார்ஜில் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் டக் சத்தம் மட்டுமே வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சோலினாய்டையோ ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

'வீட்டுப் புல்வெளிக்கு வைத்திருக்கும் மெஷினில், கயிற்றை இழுத்தால் கையைத் திருப்பி அடிக்கிறது.' - சேலம் வாசகர்

புல்வெளி மெஷினில் பிளேடு கல்லிலோ வேரிலோ அடித்தால், ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சிறு சாவி அறுபடலாம். அதனால் தீப்பொறி தவறான நேரத்தில் வந்து, கயிறு கையைப் பின்னுக்கு இழுக்கும். பிளேடு தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். எதைச் செய்வதற்கு முன்பும் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, பிளேடு இறுக்கமாக இருக்கிறதா, ஈரப்புல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு சரியாக இருந்தால் ஃப்ளைவீல் சாவியை மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளுங்கள். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லையென்றால் ஃபில்டர் முழுக்க ஆயில் ஊறிவிடும்.